குளோவ் பாக்ஸுக்கு வெளியே: பலபடி வேதியியல் இதழ்களின் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பலபடி (பாலிமர்) வேதியியல் ஆய்விதழ்களின் ஆசிரியர் குழுவினருக்கும், பெயர் மறைத்து மதிப்பீடு செய்யும் அறிஞர்களுக்கும்,

உங்களில் ஓர் இதழ் எங்கள் கட்டுரையைச் சென்ற மாதம் திருப்பி அனுப்பியது. மக்கும் பாலிஎஸ்டர் தயாரிப்பதற்கென்று அச்சில் வந்த பதினொரு வினையூக்கிகளை எடுத்துக்கொண்டோம். ஆலைக்கு மூட்டையில் வந்து இறங்கும் லாக்டைடு என்ற மூலப்பொருளில், ஆலையின் வெப்பத்தில், கரைப்பான் எதுவும் இல்லாமல் அவற்றை ஓட்டிப் பார்த்தோம். ஒன்பது தோற்றன, இரண்டு தேறின. எது எப்படித் தோற்றது என்று எழுதி அனுப்பினோம். ஐந்து மாதம் கழித்து வந்த பதிலின் சாரம் இது: வினையூக்கிகள் பழையவை, ஆகவே புதுமை இல்லை, தூய்மை குறைந்த மூலப்பொருளில் அவை தோற்பது எதிர்பார்க்கக்கூடியதே.

எதிர்பார்க்கக்கூடியதுதான், மறுக்கவில்லை. அப்படியென்றால் அந்த எதிர்பார்ப்பு மூலக் கட்டுரைகள் பதினொன்றில் ஒன்றில்கூட ஏன் ஒரு வரியாக இடம்பெறவில்லை? அவற்றுள் ஏழு, ஆலைகளில் இப்போது வினையூக்கியாக இருக்கும் வெள்ளீயத்துக்கு மாற்றாகத் தொழிலில் பயன்படும் வாய்ப்பு இதற்கு உண்டு என்ற பொருளில் முடிகின்றன. அவர்கள் அப்படி எழுதியபோது நீங்கள் தடுக்கவில்லை. நாங்கள் சோதித்துப் பார்த்து, வாய்ப்பில்லை என்று எழுதியபோது தடுத்தீர்கள்.

பத்தொன்பது ஆண்டுகளாக மக்கும் பாலிஎஸ்டர் உருக்கும் உலைகளின் பக்கத்தில் நிற்கிறவன் நான். உங்கள் இதழ்களை ஆர்வத்தோடு படிப்பவனும்கூட. இரண்டுக்கும் நடுவில் எத்தனை தூரம் விழுந்துவிட்டது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மக்கும் பாலிஎஸ்டர்களில் ஒன்றான பாலிலாக்டிக் அமிலம் செய்யும் வழியை இந்த மடலைப் படிக்கும் பிறருக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லாக்டிக் அமிலத்தை நேரடியாகக் கோத்தால் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளிவரும். உருகல் இறுக இறுக அந்தத் தண்ணீரை வெளியேற்றுவது கடினமாகி, சங்கிலி குட்டையாகவே நின்றுவிடும். அதனால் சுற்றுவழி. குட்டைச் சங்கிலியைச் சூடாக்கி உடைத்து, இரண்டு லாக்டிக் அமிலம் கைகோத்த லாக்டைடு என்ற வளையமாக வடித்தெடுப்பார்கள். பிறகு வளையங்களைத் திறந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பார்கள். வளையம் திறக்கும்போது தண்ணீர் வராது, சங்கிலி நீளும். ஆலைகளில் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்வது ஸ்டானஸ் ஆக்டோயேட் என்ற வெள்ளீயச் சேர்மம். 180 முதல் 210 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், சில மணி நேரத்தில், லாக்டைடில் ஏறக்குறைய முழுவதையும் அது சங்கிலியாக்கிவிடும்.

வெள்ளீயத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வேலை முடிந்த பிறகும் அது சும்மா இருப்பதில்லை. குருணையாக்கிய பலபடியை மறுபடி உருக்கும்போது, மிச்சமிருக்கும் வெள்ளீயம் சங்கிலியைத் திரும்பவும் லாக்டைடாக அவிழ்க்கத் தொடங்கும். இந்த வினை இரு திசையிலும் ஓடக்கூடியது என்று அமெரிக்க வேதியியலாளர் கரோதர்ஸும் அவரோடு உழைத்தவர்களும் 1932-லேயே எழுதிவிட்டார்கள். அதனால் எஞ்சிய லாக்டைடை வெற்றிடத்தில் உறிஞ்சி எடுக்கிறோம். வெள்ளீயத்தைப் பாஸ்பரஸ் சேர்மம் போட்டு முடக்குகிறோம். மண்ணோடு கலக்கப்போகும் பொருளில் வெள்ளீயம் இல்லாமலிருந்தால் நல்லது என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அதற்காகத்தான் பதினொன்றையும் எடுத்தோம்.

ஒரு நாள் வேலையைச் சொல்கிறேன். இரண்டு லிட்டர் உலை. உள்ளே ஒரு கிலோ லாக்டைடு, வெள்ளைச் செதில்களாக. 100 டிகிரியை நெருங்கும்போது உருகித் தண்ணீர் போலத் தெளிந்து நிற்கும். வெப்பத்தை 180-க்கு ஏற்றி, நைட்ரஜனை ஓடவிட்டு, வினையூக்கியை ஊசியால் செலுத்துவோம். வெள்ளீயமானால் சற்று நேரத்தில் கலக்கி மோட்டாரின் குரல் மாறும். ஆம்பியர் முள் ஏறத் தொடங்கும். பார்வைக் கண்ணாடி வழியே பார்த்தால், உருகல் கலக்கியின் தண்டைப் பற்றிக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருக்கும். அந்த ஏற்றமே போதும், சங்கிலி நீண்டுவிட்டது என்று தெரிந்துகொள்ள. மூலக்கூறு எடையைக் கருவியில் அளப்பதெல்லாம் பிறகுதான்.

அன்று நாங்கள் போட்டது ஒரு துத்தநாக அணைவுச் சேர்மம். மூன்று நிமிடத்தில் வினை முடிந்துவிடும் என்றது கட்டுரை. மூன்று நிமிடம் ஆயிற்று, முப்பது நிமிடம் ஆயிற்று, மூன்று மணி நேரமும் ஆயிற்று. முள் அசையவில்லை. உருகல் முதலில் மஞ்சளித்தது, பிறகு பழுப்பேறியது. உலையின் அடியிலுள்ள குழாயைத் திறந்தபோது விளக்கெண்ணெய் போல ஒழுகியது. ஆறியதும் ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்தினேன், பொடிந்து உதிர்ந்தது.

எங்கள் கைத்தவறோ என்று இன்னும் இரண்டு முறை செய்தோம். அதே பழுப்பு, அதே பொடி. பிறகு உட்கார்ந்து கட்டுரையை வரி வரியாகப் படித்தோம். காரணம் கட்டுரையில் இல்லை. இணைப்புக் கோப்பின் கடைசிப் பக்கங்களில், நடுப் பத்தியில், ஒரே வாக்கியத்தில் இருந்தது. லாக்டைடை டொலுவீனில் மறுபடிகமாக்கி, பிறகு இரண்டு முறை வெற்றிடத்தில் பதங்கமாக்கியிருந்தார்கள். வேலை முழுவதும், ஆர்கான் வாயு நிரப்பி மூடிய, பொருத்திய கையுறைகள் வழியே கைவிட்டு வேலை செய்யும் பெட்டியான குளோவ் பாக்ஸுக்குள். கரைப்பானையும் ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தியிருந்தார்கள். வெப்பம், அறை வெப்பம். எடுத்துக்கொண்ட லாக்டைடு அரை கிராம்.

ஈரம் என்று நாம் சாதாரணமாகச் சொல்வது இங்கே என்ன செய்கிறது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். 1,00,000 மூலக்கூறு எடையுள்ள பாலிலாக்டிக் அமிலம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 100 கிலோ லாக்டைடில் ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) சங்கிலிதான் இருக்கலாம். ஒரு தண்ணீர் மூலக்கூறு ஒரு புதுச் சங்கிலியைத் தொடங்கிவைக்கும். ஒரு மோல் தண்ணீரின் எடை 18 கிராம். ஆக, 100 கிலோ லாக்டைடில் 18 கிராம் தண்ணீர் இருந்தாலே நம்முடைய ஒதுக்கீடு முழுவதும் தீர்ந்துவிட்டது. சங்கிலியைத் தொடங்கிவைக்க வேண்டுமென்றே போடும் ஆல்கஹாலுக்கு அங்கே இடமில்லை. லாக்டிக் அமிலம் 90 கிராம் மிச்சமிருந்தாலும் இதே கதி. இத்தனைக்கும் இது சங்கிலியின் நீளத்தைப் பற்றிய கணக்கு மட்டும். அந்தத் தண்ணீரும் அமிலமும் வினையூக்கியையே கொன்றுவிடுமா என்பது தனிக் கேள்வி. வெள்ளீயம் அதைத் தாங்குகிறது. அலுமினியம், மெக்னீசியம், பல துத்தநாகச் சேர்மங்கள் தாங்குவதில்லை. வெள்ளீயத்தின் பெருமை வேகத்தில் இல்லை. அதன் முரட்டுத்தனத்தில் இருக்கிறது. உங்கள் கட்டுரைகள் வேகத்தை அளக்கின்றன, முரட்டுத்தனத்தை அளப்பதில்லை.

அடுத்தது, விகிதம். லாக்டைடு நூறுக்கு வினையூக்கி ஒன்று என்பது உங்கள் பக்கங்களில் சர்வசாதாரணம். உலோக அணு ஒவ்வொன்றும் ஒரு சங்கிலியைத் தொடங்கினால், அந்த விகிதத்தில் சங்கிலியின் மூலக்கூறு எடை 14,400-ல் (லாக்டைடின் எடை 144, அதைப்போல் நூறு மடங்கு) முடிந்துவிடும். அதைக் கொண்டு படலமும் இழுக்க முடியாது, இழையும் நூற்க முடியாது. அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஐரோப்பாவில் மட்கு உரமாகும் பொதிகளுக்கான ஈ.என். 13432 தரவிதி, ஒரு கிலோ பொருளில் 150 மில்லிகிராம் துத்தநாகத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. நூறுக்கு ஒன்று என்று துத்தநாகம் போட்டால் ஒரு கிலோவில் ஏறக்குறைய 4,500 மில்லிகிராம் இருக்கும், அதாவது வரம்பைப்போல் முப்பது மடங்கு. வரம்புக்குள் நிற்க வேண்டுமானால் விகிதம் 3,000-க்கு ஒன்றைத் தாண்ட வேண்டும். இதற்கு ஆய்வகம் எதுவும் வேண்டாம். ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் போதும். ஆனாலும் நச்சற்ற துத்தநாகம், சூழலுக்கு இசைந்த துத்தநாகம் என்ற அடைமொழிகளோடு நூறுக்கு ஒன்று கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அதே ஈ.என். 13432-இன் உலோகப் பட்டியலில் வெள்ளீயம் இல்லவே இல்லை. அந்தத் தரவிதிக் குழுவுக்கு எழுத வேண்டிய மடல் வேறு. அதை இன்னொரு நாள் எழுதுவேன்.

மிச்சத்தைக் கழுவி எடுத்துவிடலாம் என்பீர்கள். ஆய்வகத்தில் அப்படித்தான் நடக்கிறது. பலபடியை டைகுளோரோமீத்தேனில் கரைத்து, மெத்தனாலில் கொட்டி, வெள்ளைப் பஞ்சாக விழுவதை வடிகட்டி உலர்த்துகிறார்கள். வினையூக்கியில் ஒரு பகுதி கரைப்பானோடு போகிறது. குட்டைச் சங்கிலிகளும் போகின்றன. நீளமானவை மட்டும் தங்குகின்றன. பிறகு அந்தப் பஞ்சின் மூலக்கூறு எடையை அளந்து, வினையூக்கி சாதித்தது இது என்று எழுதுகிறார்கள். உலையிலிருந்து வருவதை அப்படியே குருணையாக்கும் ஆலைக்கு இந்த எண் எதற்குப் பயன்படும்? உப்புமூட்டை சுமக்கும் ஆளைத் தேடுகிறவனிடம், பல்லக்கில் போனவர் களைக்காமல் போய்ச் சேர்ந்தார் என்று சொல்வதைப் போல இருக்கிறது.

உலோகமே வேண்டாம் என்று சொல்லும் வழியையும் விட்டுவைக்கவில்லை. 2001-ல் ஐபிஎம் ஆய்வகத்தில் ஹெட்ரிக் என்ற வேதியியலாளரின் குழு, டைமீத்தைல் அமினோ பிரிடின் என்ற கரிமச் சேர்மத்தால் லாக்டைடைக் கோத்துக் காட்டியது. அழகான வேலை, அதன் பின்னால் ஒரு துறையே கிளம்பியது. வலுவான கரிமக் காரங்கள் அறை வெப்பத்தில் சில நொடிகளில் வேலையை முடிப்பதை நானே கண்டிருக்கிறேன். அதே காரத்தை 180 டிகிரி உருகலில் போட்டால் அது லாக்டைடின் கைமாற்றத்தையும் தொடங்கிவிடுகிறது. ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்களில் இடக்கை வடிவம் வலக்கையாகிறது, சங்கிலி ஒழுங்கு கெடுகிறது, படிகமாகும் திறன் போகிறது, நிறமும் கெடுகிறது. எங்கள் பட்டியலில் தோற்ற ஒன்பதில் மூன்று இந்த வகை.

நொதி வழி இன்னொரு கதை. லைபேஸ் நொதி, இன்னொரு பாலிஎஸ்டரின் மூலப்பொருளான காப்ரோலாக்டோன் வளையத்தை 60, 70 டிகிரியில் நன்றாகத் திறக்கிறது, லாக்டைடிடம் தயங்குகிறது. இதில் எனக்குத் தீராத வியப்பு ஒன்று உண்டு. தண்ணீரைக் கண்டு நாம் இப்படி அஞ்சுகிறோம். பாக்டீரியாவோ தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்து பாலிஎஸ்டர் செய்கிறது. 1920-களில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் மொரீஸ் லெமுவான் பாக்டீரியாவின் உடலுக்குள் கண்ட பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட் என்ற பாலிஎஸ்டர், நாம் தலையிடாமல் உருவானது. அதன் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: செல்லை உடைத்துப் பலபடியைப் பிரித்தெடுப்பதில்.

லாக்டைடு மட்டும் அல்ல. பாலிபியூட்டிலீன் சக்சினேட் போன்ற வேறு மக்கும் பாலிஎஸ்டர்களில் டைட்டானியம் அல்காக்சைடை வினையூக்கியாகப் போடுவோம். முதல் கட்டத்தில் வெளிவரும் தண்ணீரே அதில் ஒரு பகுதியை வீணாக்கும். மிஞ்சியது பொருளுக்கு மஞ்சள் ஏற்றும். மூலப்பொருளான பியூட்டேன்டையாலில் ஒரு பங்கு வளையமாகி டெட்ராஹைட்ரோபியூரானாகப் பறந்துவிடும். ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்கும் குளிர்ப்பொறியில் எவ்வளவு சேர்ந்தது என்று நாங்கள் ஒவ்வொரு முறையும் எடை போடுகிறோம். கட்டுரைகளில் அந்த எடையைத் தேடினால் அபூர்வமாகத்தான் கிடைக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. இந்தக் கட்டுரைகள் பலவற்றின் முதல் வரி கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றியது. பிறகு வருவது பாலிலாக்டிக் அமிலம். அது கடல் நீரில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். அது மட்கிப்போகும் என்று சான்று தரும் சோதனை நடப்பது 58 டிகிரி வெப்பத்தில், ஈரமும் நுண்ணுயிரும் நிறைந்த மட்குக் குவியலில். ஆறு மாதத்துக்குள் கார்பனில் 90 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாக வேண்டும். 58 டிகிரியில் எந்தக் கடலும் இல்லை. வினையூக்கி பற்றிய கட்டுரைக்குக் கடல் எதற்கு? மதிப்பீட்டாளர் ஒருவராவது அந்த வரியைச் சுழித்துவிட்டிருக்கலாம்.

தூய நிலையில் செய்யும் ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வினை எப்படி நடக்கிறது என்று அறிய வேண்டுமானால் அழுக்கை அகற்றித்தான் ஆக வேண்டும். இடக்கை, வலக்கை லாக்டைடு கலந்து கிடக்கும்போது ஒரு கையை மட்டும் தேர்ந்தெடுத்துக் கோக்கும் அலுமினியச் சேர்மங்கள் நாள்கணக்கில் நேரம் எடுத்துக்கொள்ளும். இருந்தாலும் அவை கற்றுத்தந்தது ஏராளம். அந்தக் கட்டுரைகள் தங்களைத் தொழிற்சாலை வினையூக்கி என்று சொல்லிக்கொள்ளாத வரை எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டையும் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மனியின் ஆக்கன் நகரில் சோன்யா ஹெரஸ்-பாவ்லிஸ் குழு, குவானிடின் என்ற கரிமச் சேர்மம் சேர்ந்த துத்தநாக வினையூக்கிகளைத் தூய்மைப்படுத்தாத தொழில்தர லாக்டைடில், 150 டிகிரி உருகலில் ஓட்டி, வெள்ளீயத்தோடு நேருக்கு நேர் வைத்துக் காட்டியிருக்கிறது. ஆக, முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை.

மறுப்பு வந்த வாரத்தில் ஒரு கருத்தரங்கில், அதே துத்தநாகச் சேர்மத்தைப் பற்றி வேறொரு ஆய்வகத்து நண்பரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய மாணவி ஒருத்தி ஏழு மாதம் அதனோடு மல்லுக்கட்டித் தோற்றிருக்கிறாள். தன் கைதான் சரியில்லை என்று நினைத்துத் தலைப்பையே மாற்றிக்கொண்டாளாம். அவளுடைய குறிப்பேடு ஓர் இழுப்பறையில் இருக்கிறது. எங்களுடையது இன்னோர் இழுப்பறையில். மூன்றாவதாக ஒருவர் இப்போது எங்கோ அதே சேர்மத்தைத் தயாரித்துக்கொண்டிருப்பார். இதற்குப் பொறுப்பு யாருடையது என்று கேட்டால் உங்களைத்தான் கைகாட்டுவேன். வெற்றியை மட்டும் அச்சிடுகிற கதவின் சாவி உங்களிடம் இருக்கிறது.

ஆகவே கேட்கிறேன். ஒரு வினையூக்கி தொழிலுக்கு உகந்தது என்றோ வெள்ளீயத்துக்கு மாற்று என்றோ எழுதும் கட்டுரைக்கு ஒரு நிபந்தனை வையுங்கள்: தூய்மைப்படுத்தாத லாக்டைடில், கரைப்பான் இல்லாமல், 150 டிகிரிக்குக் குறையாத உருகலில், லாக்டைடு 3,000-க்கு வினையூக்கி ஒன்றுக்கு மிகாத விகிதத்தில் ஒரு சோதனையாவது இருக்க வேண்டும், பக்கத்திலேயே ஸ்டானஸ் ஆக்டோயேட்டின் முடிவும் இருக்க வேண்டும். அந்தச் சோதனை இல்லையென்றால் அந்தச் சொற்களை நீக்கச் சொல்லுங்கள், கட்டுரையை வெளியிடுங்கள்.

மோனோமரை, அதாவது லாக்டைடு போன்ற மூலப்பொருளை, எப்படித் தூய்மைப்படுத்தினார்கள், அதில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு அமிலம் இருந்தது என்பவற்றை இணைப்புக் கோப்பிலிருந்து வெளியே இழுத்து, முடிவுகள் இருக்கும் அதே அட்டவணையில் வைக்கச் சொல்லுங்கள். மூலக்கூறு எடையை மெத்தனாலில் கொட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்து இரண்டையும் தரச் சொல்லுங்கள். பொருளில் மிஞ்சிய உலோகம் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்பதையும், அதன் நிறத்தையும், மறுபடி உருக்கியபோது மூலக்கூறு எடை எவ்வளவு இறங்கியது என்பதையும் கேளுங்கள். மக்கும் என்ற சொல் வரும் இடத்தில் எங்கே, எந்த வெப்பத்தில், எத்தனை நாளில் என்று எழுதாமல் விட அனுமதிக்காதீர்கள்.

தோற்ற முடிவுகளுக்கு, இரண்டு பக்கத்துக்கு மிகாத ஒரு குறுங்கட்டுரைப் பகுதியைத் தொடங்குங்கள். புதுமை இருக்கிறதா என்று அங்கே கேட்க வேண்டாம். சோதனை சரியாக நடந்ததா என்று மட்டும் பாருங்கள்.

எங்கள் கட்டுரையை மறுபரிசீலனை செய்யும்படி நான் கேட்கவில்லை. அதைத் திருப்பி அனுப்பிய இதழிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பதினொன்றில் நான்கு உங்கள் இதழிலேயே வந்தவை. எங்கள் அளவீடுகள் முழுவதும் உங்களிடம் இருக்கின்றன. அவற்றை அந்த நான்கு கட்டுரைகளின் ஆசிரியர்களுக்கு அனுப்பி, மூட்டையிலிருந்து எடுத்த லாக்டைடில் ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் அதே பழுப்பு வந்தால், அந்தக் கட்டுரைகளின் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உலைப் பக்கத்திலிருந்து ஒரு செயல்முறை வேதியியலாளன்